செட்டிநாட்டில் தண்ணீர் போகும் வழியில் ஒரு நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே சுற்றுகிறார்கள். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, வண்ணம் தீட்டிய மேற்கூரை என்று பார்த்து, கழுத்து வலியோடு ஊர் திரும்புகிறார்கள். அதே வீட்டில் கருங்கல் பாவிய முற்றத்தின் மூலையில் துளை போட்ட கல் ஒன்று கிடக்கும். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி எங்கே போகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் வீட்டிலிருந்து தெரு, தெருவிலிருந்து ஊருணி என்கிற ஊர்க்குளம், அப்புறம் ஊருக்கு வெளியே கண்மாய் என்கிற பாசன ஏரி என்று ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கும். அப்படி நடக்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தின் பீதரிலும் மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரிலும் நிலத்தடியில் குடைந்த பழைய நீர்ச்சுரங்கங்கள் இருக்கின்றன. புர்ஹான்பூரில் இருப்பது 1615ஆம் ஆண்டு வாக்கில் முகலாயர் காலத்தில் வெட்டியது. லிஃப்டில் இறங்கி உள்ளே நின்று பார்க்கலாம். அந்த மாதிரி ஆள் நடமாடும் சுரங்கம் செட்டிநாட்டில் கிடையாது. இங்கே தண்ணீர் கொஞ்சம் வெளியே தெரியும், கொஞ்ச தூரம் தரைக்கடியில் மறையும், மறுபடியும் வெளியே வரும். மறைகிற இடங்கள் முக்கியமாக மூன்று: வீட்டுக்கு அடியில் ஓடும் வடிகால், தெருவில் கல் மூடிய வாய்க்கால், கண்மாய்க் கரைக்கு அடியில் போகும் தூம்பு. டிக்கெட் கவுன்டரும் அம்புக்குறிப் பலகையும் இல்லாத இடங்கள் இவை. அதனால்தான் கொஞ்சம் தயாரிப்போடு போக வேண்டியிருக்கிறது.

ஏன் இவ்வளவு ஏற்பாடு என்பதற்கு விடை நிலத்திலேயே இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்தப் பகுதியில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பாம்பாறும் மணிமுத்தாறும் மழைக்காலத்தில் மட்டும் ஆறாக இருக்கும். மற்ற மாதங்களில் மணல்தான். ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அடியில் பல இடங்களில் செம்புறாங்கல் பாறை. பெய்யும்போது பிடித்து வைக்காவிட்டால் பங்குனியில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. வீட்டின் கூரையிலிருந்து ஊரின் எல்லை வரை எல்லாமே இந்தக் கணக்கில் கட்டியவை.

எப்போது போவது

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்க்க மழை வேண்டும். தூம்பின் அடிப்பகுதியைப் பார்க்கக் கண்மாய் வற்றியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஊருணி நிறைந்திருக்கும், கண்மாயில் பறவை இருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். மழையையே பார்க்க வேண்டும் என்கிற ஆசை இருந்தால் நவம்பர். அப்போது பயணத்தில் பாதி நாள் அறைக்குள்ளேயே முடங்க நேரலாம். ஆனால் பெருமழை கொட்டும்போது ஒரு பெரிய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், நிற்க வாய்ப்புக் கிடைத்தால், நாலு பக்கக் கூரையும் ஒரே நேரத்தில் தண்ணீரை உள்ளே இறக்குவதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அதற்காக அரை நாள் போனாலும் பரவாயில்லை. மே மாத வெயிலில் போகிறவர்களை யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் தூம்புக் கல், ஊருணிக்குள் இருக்கும் கிணறு, மடைத் தொட்டி எல்லாம் முழுசாகத் தெரிவது அப்போதுதான்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது

கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு காரைக்குடியிலிருந்து வடக்கே கானாடுகாத்தான் வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், நேரில் அலைகிற அலைச்சல் பாதியாகக் குறையும். ஊருக்குள் சதுரமாகவோ செவ்வகமாகவோ தெரியும் நீர்நிலை ஊருணி அல்லது கோயில் குளம். ஊருக்கு வெளியே அரைவட்டமாகத் தெரிவது கண்மாய். கண்மாயின் எந்தப் பக்கம் மண்கரை வில்லாக வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பள்ளம். இந்த வட்டாரத்தில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே, தென்கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் கரைகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே இருக்கும். ஒரு கண்மாய் நிறைந்து வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். அதற்கான மறுகால் ஓடை மெல்லிய கோடாகப் படத்தில் தெரியும். நாலைந்து கண்மாய்களைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள், தண்ணீரின் போக்கு பிடிபட்டுவிடும். பெயர் தேடும்போது ஊருணி, ஊரணி என்று இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பலகைகளில் இரண்டாவதுதான் அதிகம்.

தெருக்களையும் இதே படத்தில் கவனியுங்கள். கானாடுகாத்தானில் வீதிகள் நூல் பிடித்தது போல் நேராக, கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இவ்வளவு நீள வீடுகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரே சீரான வாட்டம் (சரிவு) கொடுக்க முடியும்.

போவது, தங்குவது

காரைக்குடி ஜங்ஷனுக்குச் சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் ரயில்கள் சிலவும் இந்த வழிதான். விமானத்தில் வந்தால் திருச்சி, மதுரை இரண்டிலிருந்தும் சுமார் 90 கிலோமீட்டர். திருச்சி சாலையில் போகும் பஸ்ஸில் ஏறினால் கானாடுகாத்தான் விலக்கில் இறங்கி உள்ளே நடக்கலாம். 'செட்டிநாடு' என்ற பெயரிலேயே ஒரு சின்ன ரயில் நிலையம் கானாடுகாத்தானில் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. காரைக்குடியில் தங்கி ஆட்டோவை அரை நாளைக்குப் பேசிக்கொள்வது சுலபம். எங்கெங்கே போக வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். "ஊருணி பார்க்க" என்றால் டிரைவர் ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுகொள்ள வேண்டாம். பட்ஜெட் இடம் கொடுத்தால் வளவு வைத்த பழைய வீட்டிலேயே ஒரு ராத்திரி தங்குங்கள். கானாடுகாத்தானிலும் பக்கத்து ஊர்களிலும் சில வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே முற்றத்தைச் சாவகாசமாகப் பார்க்கலாம், கேள்வி கேட்டாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.

முதல் கட்டம்: வீடு

ஆத்தங்குடியில் பெரிய வீடு ஒன்று சிறு கட்டணத்தில் பார்வைக்குத் திறந்திருக்கிறது. டைல்ஸ் பட்டறைகளைப் பார்க்க எப்படியும் அந்த ஊருக்குப் போவீர்கள். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய, 1912இல் முடிந்த அரண்மனையைப் பெரும்பாலும் வெளியே நின்றே பார்க்க வேண்டியிருக்கும். மற்ற வீடுகள் தனியார் சொத்து. ஒரே வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் இருப்பது இங்கே சாதாரணம். பல வீடுகளில் காவல்காரரோ வயதான ஒருவரோதான் இருப்பார். கதவு திறந்திருக்கிறது என்று நுழைந்துவிடாதீர்கள். திண்ணையில் நின்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகு செருப்பை விட்டு ஏறுங்கள். வீட்டுப் பெண்களை ஆச்சி என்று கூப்பிடலாம், காவல்காரரை அண்ணே. சாமி வீட்டைப் படம் எடுக்கக் கூடாது. கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ நடக்கும் வீடு என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

முகப்பைத் தாண்டினால் வருவது வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பத்தி என்கிற தாழ்வாரம், பத்தியை ஒட்டி அறைகள். இங்கே நின்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். நாலு பக்க ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கியே சரிந்திருக்கும். இரண்டு சரிவு சேரும் மூலையில்தான் தண்ணீர் வேகமாகக் கொட்டும். அந்த இடத்தில் தகரத்தாலோ செம்பாலோ வாய் வைத்திருப்பார்கள். அதற்கு நேர் கீழே அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பது பழைய வழக்கம். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்ததைத் துணி கட்டி வடித்து எடுத்து வைப்பார்கள். மழைத்தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்று எந்த ஆச்சியும் சொல்வார்.

அண்டாவில் பிடித்தது போக மிச்சம் முற்றத்தில் விழுகிறது. முற்றம் பத்தியைவிட ஒன்றிரண்டு படி தாழ்வாக, கருங்கல் பாவியதாக இருக்கும். சமதளம் போலத் தெரியும், ஆனால் சமதளம் கிடையாது. அனுமதி கேட்டு ஒரு சொம்புத் தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். அது எந்த மூலையை நோக்கி ஓடுகிறதோ அங்கே துளைக்கல் இருக்கும். கைபேசி டார்ச்சைத் துளைக்கு நேராகப் பிடித்தால் கீழே போகும் கல் வடிகால் கொஞ்ச தூரம் தெரியும். சில வீடுகளில் இது வீட்டுக் கிணற்றுக்குப் போகிறது. சில வீடுகளில் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு முற்றங்களின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு அடியிலேயே ஓடித் தெரு வாய்க்காலில் விழுகிறது. எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பதுதான். "ஆச்சி, மழை பேஞ்சா இந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேளுங்கள். விலை என்ன, எத்தனை தூண் என்று கேட்டுப் போகிறவர்களையே பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பெரும்பாலும் எழுந்து வந்தே காட்டுவார்கள்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850களுக்கும் 1940களுக்கும் இடையில் கட்டியவை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தது 2003இல். அப்போது நம் வீடுகளில் அவசர அவசரமாகப் பதித்த பிளாஸ்டிக் குழாய்கள் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன என்பதை இங்கே பேச வேண்டாம்.

இரண்டாம் கட்டம்: தெரு

வீட்டை விட்டு வெளியே வந்து வாசலுக்கு முன்னால் குனிந்து பாருங்கள். தெருவின் ஓரமாகக் கல் கட்டிய வாய்க்கால் போகும். ஒவ்வொரு வாசலுக்கும் நேரே அதன் மேல் பலகைக்கல் போட்டிருப்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கமாக நடக்க வேண்டியதுதான். மூலையில் திரும்பும், தெருவுக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகும், சில இடத்தில் காணாமல் போகும். காணாமல் போனால் அடுத்த சந்துக்குள் போய்த் தேடுங்கள்.

இந்தக் கட்டம் அழகாக இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மழைத்தண்ணீருக்காகக் கட்டிய வாய்க்கால் பலவற்றில் இப்போது சாக்கடைதான் ஓடுகிறது. பிளாஸ்டிக் அடைத்திருக்கும், நாற்றமும் இருக்கும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, படி ஏறிப் போக வேண்டிய திண்ணைகள் தரையோடு தரையாகிக் கிடக்கும் இடங்களும் உண்டு. அங்கெல்லாம் வாட்டம் தலைகீழாகிவிட்டது. எனக்கு இதைப் பார்க்கும்போது ஆத்திரம் வரும். ஆனால் இதைப் பார்க்காமல் நேராக ஊருணிக்குக் காரில் போனால், அது ஏன் சில ஊர்களில் வற்றிக் கிடக்கிறது என்பது புரியாது.

மூன்றாம் கட்டம்: ஊருணி

நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். கோயில் ஊருணிகளில் தொடங்குவது புதியவர்களுக்கு நல்லது. தடை எதுவும் இல்லை, பராமரிப்பும் இருக்கும். இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார் சமூகமான நகரத்தாருக்குரிய கோயில்கள் ஒன்பது. அவற்றில் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாற்றங்குடி மூன்றையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். பிள்ளையார்பட்டிக்குப் போகாதவர் குறைவு, ஆனால் முன்னால் இருக்கும் ஊருணியைத் திரும்பிப் பார்க்கிறவரும் குறைவு. வைரவன்பட்டியில் கூட்டம் இருக்காது. தீர்த்தத்தின் படியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். காரைக்குடியை விட்டு அதிக தூரம் போக முடியாதவர்கள் கோவிலூருக்குப் போங்கள், பக்கம்தான். கோயிலை ஒட்டிப் பெரிய குளம் இருக்கிறது.

ஊருணிக்கு வந்ததும் முதலில் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுற்றும்போது தேட வேண்டியது தண்ணீர் உள்ளே வரும் வாய். கரைச் சுவர் பெரும்பாலும் செம்புறாங்கல்லால் கட்டியிருக்கும், படிகள் கருங்கல். சுவரில் ஓரிடத்தில் மட்டும் கல் வாயோ சதுரத் திறப்போ இருந்தால் அதுதான் வரத்து. அதற்குப் பின்னால் மேலேறிப் பார்த்தால் ஊருக்குள்ளிருந்தோ வெளிக்காட்டிலிருந்தோ வரும் கால்வாய் தெரியும். உள்ளே விழும் முன் ஒரு சின்னக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணும் சருகும் அங்கேயே தங்கிவிடுவதற்காக வெட்டியது. அப்புறம், நிறைந்தால் வெளியேறும் வழி. உள்வாயைவிட அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று கண்ணால் அளந்து பார்த்தால் ஊருணி எந்த மட்டம் வரை நிற்கும் என்பது தெரிந்துவிடும்.

வேனிலில் போனால் சில ஊருணிகளின் நடுவில் கிணறு ஒன்று எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். ஊருணி வற்றிய பிறகும் அடியில் ஊறிய தண்ணீர் அந்தக் கிணற்றில் கிடைக்கும். நிறைந்திருக்கும் காலத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

குடிதண்ணீர் ஊருணியும் குளிக்கிற ஊருணியும் வேறு வேறு. குடிக்கிற ஊருணியில் கால் வைக்க மாட்டார்கள், துணி துவைக்க மாட்டார்கள், ஆடு மாடு இறங்க விடமாட்டார்கள். வேலி போட்டு ஒரு பக்கம் மட்டும் வழி விட்டிருந்தால் அது குடிக்கிற ஊருணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கரையிலேயே கழற்றி வையுங்கள். முகம் கழுவுவது, காலை நனைப்பது, தண்ணீர் பாட்டிலை அலசுவது எதுவும் கூடாது. குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட ஊர்களிலும் இந்தக் கட்டுப்பாட்டைப் பலர் விடவில்லை. மீறினால் நாலு பேர் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். கலங்கலாக எடுத்து வந்த தண்ணீரைத் தெளிய வைக்கக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடையில் இன்றும் அது கிடைக்கிறது. ஒரு கை வாங்கி வந்து வீட்டில் மழைத்தண்ணீரில் உரைத்துப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை.

காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் ஊருணிக்கு வாருங்கள். அப்போதுதான் ஆட்கள் இருப்பார்கள், வெயிலும் சாய்வாக விழுந்து படிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். தண்ணீர் எடுக்க வருகிறவர்களையும் குளிக்கிறவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மதியம் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், அந்த நேரத்தை வீடு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் கட்டம்: கண்மாயும் தூம்பும்

சோழநாட்டில் ஏரி என்பதை இங்கே கண்மாய் என்பார்கள். ஊருணி குடிக்க, கண்மாய் வயலுக்கு. கரைமேல் ஏறி நடப்பதுதான் கண்மாயைப் பார்க்கும் முறை. கரை முழுக்க நடக்க வேண்டும் என்றில்லை, மடையிலிருந்து கலிங்கல் வரை நடந்தால் போதும். மடை என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். கலிங்கல் என்பது நிறைந்தால் கரை உடையாமல் உபரி வெளியேறும் கல் கட்டுமானம். அதைத் தாண்டி ஓடுவது மறுகால்.

பழைய கண்மாயில் கரைக்குக் கொஞ்சம் உள்ளே, தண்ணீருக்கு நடுவில் இரண்டு கல் தூண்கள் ஜோடியாக நிற்பதைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதுதான் குமிழித் தூம்பு. இந்தப் பயணத்தில் பார்க்கும் எல்லாவற்றிலும் என்னை அதிகம் அசத்தியது அதுதான். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, வாசல் நிலையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் நட்டு வைத்த மாதிரி இருக்கும். வேலை முழுவதும் அடியில். தூண்களைக் குறுக்குக் கற்கள் இணைக்கின்றன. அவற்றின் துளைகள் வழியாக ஒரு கழி கீழே இறங்குகிறது. கண்மாயின் தரையில் கல் தொட்டி ஒன்று புதைந்திருக்கிறது. தொட்டியின் மேல்மூடியில் ஒரு பெரிய துளை, கழியின் நுனியில் இருக்கும் அடைப்பு அதை மூடியிருக்கும். தொட்டியின் அடிப்பக்கத்தில், தரையை ஒட்டிச் சின்னத் துளைகள். மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே இருப்பது சேறோடித் துளை.

கழியைத் தூக்கினால் மேல்துளை வழியாகத் தெளிந்த தண்ணீர் பாயும். அந்த வேகத்தில் அடித்துளைகள் சேற்றையும் சேர்த்து உறிஞ்சும். இரண்டும் கலந்து, கரைக்கு அடியில் போகும் கல் வாய்க்கால் வழியாக மறுபக்கம் வெளிவந்து வயலுக்குப் போகும். வயலுக்கு வண்டல் உரம் கிடைக்கும், கண்மாயில் மண் சேர்வதும் குறையும். கரையைச் சரித்து வாய் வெட்டாமல், கரை பலத்தோடு இருக்க, அடியிலேயே தண்ணீரைக் கடத்தும் யோசனை இது. திறக்கும் இடம் கரையை விட்டுத் தள்ளியிருப்பதால் தண்ணீரின் வேகம் கரையை அரிப்பதில்லை. திறக்க வேண்டியவர் நீந்திப் போக வேண்டும், அவ்வளவுதான். புதுக்கோட்டைப் பக்கத்தில் தூம்புத் தூண்களிலேயே செய்து கொடுத்தவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்து தெரிந்தால் சுண்ணாம்போ மாவோ தடவாமல், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். தடவினால் கல் கெடும்.

எந்தக் கண்மாயில் தூம்பு இருக்கிறது என்று வரைபடத்தில் வராது. ஊர் டீக்கடையில் "தண்ணிக்குள்ள ரெண்டு கல்லுத் தூணு நிக்குமே, அது எந்தக் கம்மாய்ல இருக்கு?" என்று கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். அதைவிட நல்லது நீர்ப்பாய்ச்சியைக் கண்டுபிடிப்பது. மடையைத் திறப்பதும் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவர் வேலை. விவசாயம் குறைந்த ஊர்களில் இப்போது அந்த வேலையும் இல்லை. இருக்கிற ஊரில் அவரிடம் பத்து நிமிஷம் பேசினால் கண்மாயின் நெளிவு சுளிவு எல்லாம் தெரிந்துவிடும். அவரிடம் சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள், பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகிவிடும். வரத்துக் கால்களை அடைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அந்த மரம்தான். 2017இல், ஊர்க்காரர்களே சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு மறுபடியும் தூர்வாரத் தொடங்கியது. சில கண்மாய்களில் பலன் தெரிகிறது, சிலவற்றில் கரைமேல் மண் கொட்டியதோடு முடிந்திருக்கிறது.

கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் திருவிழா நடக்கும். சிங்கம்புணரி வட்டாரத்திலும் புதுக்கோட்டைப் பக்கமும் அடிக்கடி உண்டு. தேதி முதல் நாள்தான் ஊருக்கே தெரியும். கேள்விப்பட்டால் மற்ற திட்டத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

சில எச்சரிக்கைகள்

ஊருணிப் படியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு படி மேலேயே நின்றுகொள்ளுங்கள், பாசி வழுக்கும். ஆழம் தெரியாது, நீச்சல் தெரிந்தாலும் இறங்க வேண்டாம். தூம்புத் தொட்டிக்குள்ளோ கரைக்கடி வாய்க்காலுக்குள்ளோ தலையை நுழைக்காதீர்கள், வற்றியிருந்தாலும் பாம்பு இருக்கும். கரையில் நடக்க மூடிய செருப்பு வேண்டும். வீட்டுக்கும் கோயிலுக்கும் சுலபமாகக் கழற்றும் செருப்பு வேண்டும். இரண்டு ஜோடி எடுத்துக்கொள்வதே மேல். இடி மின்னல் நேரத்தில் கரைமேல் நிற்காதீர்கள். குடை, டார்ச், குடிக்கத் தண்ணீர் போதும். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; காரைக்குடியில் பசியோடு யாரும் திரும்பியதில்லை. ஆனால் ஆத்தங்குடி மாதிரிச் சின்ன ஊர்களில் மதியச் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டு நாளில் எப்படி அடக்குவது

முதல் நாள் விடிந்ததும் கானாடுகாத்தான். ஊருணி, அப்புறம் தெருக்கள், வெயில் ஏறியதும் திறந்திருக்கும் ஏதாவது ஒரு வீடு. மதியத்துக்கு மேல் ஆத்தங்குடி. வீடும் டைல்ஸ் பட்டறையும். வழியில் பள்ளத்தூரிலோ வேறு ஊரிலோ கண்ணில் படும் ஊருணிக்கெல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகளுக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஊர் அமைப்பும் தண்ணீர் ஏற்பாடும் அந்த விண்ணப்பத்தில் சேர்த்திதான்.

இரண்டாம் நாள் மேற்கே போங்கள். காலையில் கோவிலூர், பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி. நேரம் இருந்தால் வடக்கே திரும்பி இளையாற்றங்குடி. பிறகு திருப்பத்தூர் வழியாக வேட்டங்குடி. 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம் அது. உண்மையில் வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்கள்தான் சரணாலயம். பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் நத்தைகுத்தி நாரைகள் மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். சத்தம் போடாமல் கரையிலிருந்தே பாருங்கள், பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள். மாலை நாலு மணிக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் கலிங்கல் வரை நடந்து பார்க்கவும் வெளிச்சம் இருக்கும். மதுரைக்குப் போகிறவர்கள் காரைக்குடிக்குத் திரும்ப வேண்டாம், மூட்டை முடிச்சோடு வந்து திருப்பத்தூரிலேயே பஸ் ஏறிவிடலாம்.